கழி திரும்பி வந்த இடம்

சென்னை மாநகரின் தென்பகுதியில், சாந்தோமிலிருந்து அடையாற்றுப் பாலத்தை நோக்கிச் செல்லும் சாலையை ஒட்டி, மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கும் கிளைகளைத் தவிர வேறு அடையாளம் ஏதும் காட்டாமல், 58 ஏக்கர் பரப்பில் ஒரு காடும் அதனூடே ஒரு நீர்நிலையும் அமைந்துள்ளன. அச்சாலையில் நாள்தோறும் பேருந்திலும் இருசக்கர வண்டியிலும் செல்வோர் பல்லாயிரவர் எனினும், மதிலுக்குள் காலடி வைத்தவர்கள் அவர்களில் மிகச் சிலரே. தொல்காப்பியப் பூங்கா என்பது அதன் பெயர். அடையாறு பூங்கா என்றும் வழங்குகிறது. 2011 ஜனவரி 22 அன்று அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி இதனைத் திறந்துவைத்தார். மெரினா கடற்கரைக்கோ கிண்டி தேசியப் பூங்காவுக்கோ கிடைத்த புகழில் ஒரு சிறு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் சில நியாயமானவை, சில அவ்வாறல்ல.

பூங்கா என்னும் சொல்லே முதலில் வழிதவறச் செய்கிறது. புல்தரையும் ஊஞ்சலும் வண்ண நீரூற்றும் கொண்ட மாநகராட்சிப் பூங்காவை எதிர்பார்த்து வருவோருக்கு இங்கே கிடைப்பவை சேறு, கோரை, முட்புதர், உப்புநீர், அவற்றிடையே மௌனமாக நிற்கும் கொக்கு ஆகியவையே. இவ்விடத்தின் உண்மையான பெயர் கழி. கடல்நீர் நிலத்துக்குள் புகுந்து, ஆற்றின் நன்னீருடன் கலந்து, ஓதத்துக்கு ஏற்ப ஏறியும் இறங்கியும் கிடக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பைத் தமிழ் நெடுங்காலமாகக் கழி என்றே அழைத்துவருகிறது. உப்பங்கழி என்பதும் அதுவே. ஆறு கடலைச் சேரும் வாயில் கழிமுகம் எனப்படும். கரையோர மீனவர் அதனை முகத்துவாரம் என்பர். அடையாற்றின் முகத்துவாரத்துக்குச் சற்று உள்ளே, ஆற்றிலிருந்து வடக்காகப் பிரிந்து, குயிபிள் தீவு எனப்படும் நிலத்துண்டை அணைத்தவாறு வளைந்து கிடக்கும் கழியின் மேற்கு நுனியே இன்றைய பூங்கா. கழியும் முகத்துவாரமும் சேர்ந்து ஏறத்தாழ 358 ஏக்கர். அதில் 58 ஏக்கரே வேலியிட்டு முதலில் மீட்கப்பட்டது, எஞ்சிய 300 ஏக்கர் அடுத்த கட்டத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது.

மரங்களைப் பார்ப்பதற்கு முன் நீரைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் இங்கே மரம் நீரின் பின்விளைவே. அடையாறு பெரிய ஆறு அன்று. தாம்பரத்துக்கு மேற்கே ஆதனூர், மணிமங்கலம் முதலான ஊர்களின் ஏரிகளிலிருந்து வழியும் உபரிநீர் ஒன்றுசேர்ந்து, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரையும் சேர்த்துக்கொண்டு, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாக 42 கிலோமீட்டர் தொலைவு வந்து வங்கக் கடலில் கலக்கிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையே அது ஆறாக ஓடுகிறது. மற்ற மாதங்களில் அதில் ஓடுவது பெரும்பாலும் நகரத்தின் கழிவுநீரே என்பதைச் சென்னைவாசிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கழியின் உயிர் ஆற்றின் பக்கத்திலிருந்து வருவதைவிடக் கடலின் பக்கத்திலிருந்து வருவதே அதிகம். ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறும் ஓதம், அதாவது நிலவும் கதிரவனும் இழுப்பதால் உயர்ந்து தாழும் கடல்நீர், முகத்துவாரத்தின் வழியே உள்ளே வந்து, தேங்கிய நீரை நீர்க்கச் செய்து, கரைந்த உயிர்வளியையும் இறால் குஞ்சுகளையும் மடவை மீனையும் கொண்டுவந்து சேர்த்து, வற்றும்போது அழுக்கின் ஒரு பகுதியை எடுத்துச் செல்கிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் உண்டு. சென்னைக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் சிறியது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட அது ஒரு மீட்டரை ஒட்டியே நிற்கிறது. காம்பே வளைகுடாவில் பல மீட்டர் உயர்ந்து பாயும் ஓதத்தோடு ஒப்பிட்டால் இது மெல்லிய மூச்சு மட்டுமே. அலைகளோ ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்காகக் கரையோரமாகவே நகர்த்திக்கொண்டிருக்கின்றன. சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச்சுவர் எழுந்த பின் இந்த மணல் அதன் தெற்கே தேங்கியதால்தான் மெரினா அகன்றது, வடக்கே இராயபுரம் பக்கம் கடல் அரித்தது. அதே மணல்தான் அடையாற்றின் வாயிலும் படிந்து திட்டாக எழுகிறது. வலிய ஓதமோ வெள்ளமோ இருந்தால் திட்டு அடித்துச் செல்லப்படும். கோடையில் இரண்டுமே இல்லாததால் முகத்துவாரம் சுருங்கி, சில நேரங்களில் முற்றிலும் மூடிக்கொள்கிறது. அப்போது கழி ஒரு குட்டை. அதில் சேர்வது கழிவுநீர் மட்டும். பொக்லைன் இயந்திரங்களைக் கொண்டு மணலை வாரி வாயைத் திறந்துவிடுவது அரசு பொறியாளர்களுக்கு ஏறத்தாழ ஆண்டுதோறும் வாய்க்கும் வேலையாகிவிட்டது. கழிக்கும் ஆற்றுக்கும் இடையே போடப்பட்ட சாந்தோம் தரைப்பாலத்தின் கண்கள், அதாவது நீர் புகுந்து செல்வதற்காகப் பாலத்துக்கு அடியில் விடப்படும் திறப்புகள், போதாமல் இருந்ததும் ஓதம் உள்ளே எட்டாததற்கு இன்னொரு காரணம். மரக்கன்று நடுவதைவிட இந்தக் கண்களை அகலப்படுத்துவதே கழிக்குச் செய்யும் பெரிய தொண்டு என்று சொன்னால் அது மிகையாகாது. ஆனால் கன்று நடும் விழாவுக்கு வரும் புகைப்படக்காரர்கள் பாலத்தின் கண்ணைப் படமெடுக்க வருவதில்லை.

போர்க்களமும் குப்பைமேடும்

இன்று அமைதியாகக் கிடக்கும் இக்கரைக்கு இந்திய வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1746-ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரிடமிருந்து புனித ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றிய பின், அதனைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கான் வற்புறுத்தினார். அது நடவாதபோது தம் மகன் மாபூஸ் கானைப் பெரும்படையுடன் அனுப்பினார். அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று, புதுச்சேரியிலிருந்து பாரடி என்னும் தளபதியின் கீழ் வந்த சிறிய படை, வடகரையில் குயிபிள் தீவுப் பகுதியில் பீரங்கிகளுடன் நின்ற ஏறத்தாழ பத்தாயிரம் பேர் கொண்ட நவாபின் படையை, ஆற்றில் இறங்கிக் கடந்து வந்து ஒரே நாளில் சிதறடித்தது. ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற சிறுபடை எண்ணிக்கையில் பன்மடங்கு பெரிய இந்தியப் படையை வெல்லக்கூடும் என்பதை ஐரோப்பியர் இங்கேதான் கண்டுகொண்டனர். அடுத்த நூறாண்டு வரலாறு அந்தக் கண்டுபிடிப்பின் விரிவுரை. அந்தத் தீவில் இப்போது கத்தோலிக்கர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. போரை நினைவூட்டும் பொருள் எதுவும் வழிப்போக்கர் கண்ணுக்குத் தென்படாது.

அதன் பின் கட்டுமானங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1840-இல் எல்ஃபின்ஸ்டன் பாலம். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டப்பட்ட பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி. 1882-இல் தென்கரையில் குடியேறிய பிரம்மஞான சபையின் தோட்டம். இந்தக் கடைசி வரவு கழிக்கு நன்மையாகவே முடிந்தது. சபையின் 250 ஏக்கருக்கு மேற்பட்ட வளாகம் வீடு கட்டப்படாமல் மரங்களுடன் நிலைத்ததால், முகத்துவாரத்தின் ஒரு கரையாவது பசுமையாகத் தப்பியது. அங்குள்ள புகழ்பெற்ற அடையாறு ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989-ஆம் ஆண்டுப் புயற்காற்றில் சாய்ந்த பின்னும் விழுதுகளின் வலிமையில் அம்மரம் நிற்கிறது. எல்ஃபின்ஸ்டன் பாலத்துக்கு மாற்றாக 1973-இல் எழுந்த திரு.வி.க. பாலத்தின் மேல் நின்று கிழக்கே நோக்கினால் இரு கரைகளின் வேறுபாடும் ஒரே பார்வையில் விளங்கும்: தெற்கே மரத்தலைகள், வடக்கே அடுக்குமாடிகள்.

வடகரையின் கதை நகரம் வளர்ந்த கதை. கடற்கரை ஓரத்தில் பட்டினப்பாக்கம் குடியிருப்புகள் எழுந்தன. கழியின் விளிம்பை நிரப்பி எம்.ஆர்.சி. நகர் உருவானது, பின்னாளில் விடுதிகளும் மாளிகைகளும் வந்தன. நகரில் இடிக்கப்பட்ட கட்டடங்களின் செங்கல், காரை, ஓட்டுச்சில்லு ஆகியவற்றைக் கொட்டுவதற்குக் கேட்பாரற்ற இடமாகக் கழி கருதப்பட்டது. லாரி லாரியாக வந்து விழுந்த இடிபாடுகளின் மேல் சீமைக் கருவேலம் முளைத்தது. சென்னையில் அதற்கு வேலிகாத்தான் என்று பெயர். தேங்கிய நீரை ஆகாயத்தாமரை மூடியது. கொசுத்தொல்லைக்கான மூலமாக மட்டுமே சுற்றுப்புறக் குடும்பங்கள் கழியை அறிந்திருந்தன.

1990-களில் கழியின் ஒரு பகுதியில் அண்ணல் அம்பேத்கருக்கு நினைவிடம் அமைப்பதென அரசு முடிவு செய்து நிலத்தை நிரப்பத் தொடங்கியபோது, நுகர்வோர் அமைப்புகளும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் உயர் நீதிமன்றத்தை அணுகின. 1991-ஆம் ஆண்டில் நடுவண் அரசு வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, ஓதம் எட்டும் கழிகளின் கரைகளையும் கடற்கரையாகவே கருதி அங்கே கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு விதித்திருந்தது என்பது வழக்காடியோருக்குக் கிடைத்த கருவி. எதிர்ப்பு அம்பேத்கரின் நினைவிடத்துக்கு அன்று, நீர்நிலையை நிரப்புவதற்கே என்பதை அன்றைய விவாதங்கள் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. இறுதியில் மணிமண்டபம் கழியின் ஓரத்தில் எழுந்தது; எஞ்சிய நிலம் நிரப்பப்படாமல் தப்பியது. தப்பிய அந்த நிலமே இன்று பூங்கா. திட்டமிட்டு ஒதுக்கப்பட்ட பசுமை நிலம் என்று அதனைக் கருதுவது தவறு; வழக்குகளுக்கும் தாமதங்களுக்கும் இடையில் கைவிடப்பட்டுக் கிடந்த எச்சம் என்பதே சரி.

காட்டைக் கட்டிய விதம்

2006-ஆம் ஆண்டுக்குப் பின் அந்த எச்சத்தை மீட்க அரசு ஓர் அறக்கட்டளையை அமைத்தது. பின்னர் அதுவே சென்னை ஆறுகள் சீரமைப்பு அறக்கட்டளையாக விரிந்தது. மீட்புக்கான முதன்மைத் திட்டத்தை வரைந்தவர்கள் ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் வன ஆலோசகர்கள். இந்தத் தேர்வுக்குப் பொருள் இருந்தது. 1968-இல் ஆரோவில் தோன்றியபோது அதன் செம்மண் மேடு மழையில் அரித்துப் பொட்டலாகக் கிடந்தது. அதனைக் காடாக்கும் முயற்சியில் அங்குள்ளோர் பல்லாண்டுகள் செலவிட்டு, இக்கடற்கரைக்கே உரிய ஒரு காட்டு வகையை மீண்டும் வளர்க்கக் கற்றிருந்தனர். வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பது அதன் அறிவியல் பெயர். பசுமைமாறாக் காடு என்றால் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓயாத மழையே நினைவுக்கு வரும். சோழமண்டலக் கரையிலோ ஆண்டில் ஏழெட்டு மாதங்கள் வறண்டவை, மழையின் பெரும்பங்கு மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த வறட்சியிலும் இலையை உதிர்க்காமல், சிறிய, தடித்த, தோல் போன்ற இலைகளில் நீரைச் சேமித்துக்கொண்டு, பனித்துளியையும் கடற்காற்றின் ஈரத்தையும் நம்பி நிற்பவை இக்காட்டின் மரங்கள். வேளாண்மைக்கும் விறகுக்கும் அழிந்து, இவ்வகைக் காடு இன்று துண்டு துண்டாகவே எஞ்சியுள்ளது. அத்துண்டுகளுள் பல கோயில் காடுகள். மரக்காணம் வட்டாரத்துக் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்துள்ள காடு அதற்கு எடுத்துக்காட்டு. சென்னைக்குள் கிண்டி தேசியப் பூங்காவில் இதன் சாயல் எஞ்சியிருக்கிறது. சட்டம் காக்காததை ஐயனாரின் அச்சம் காத்தது என்று சொல்லத் தோன்றும். வட்டாரத்து விதைகள் அத்தகைய இடங்களில்தான் மிஞ்சின.

மீட்புப் பணியின் முதல் படி நடுவதன்று, தோண்டுவது. கொட்டப்பட்ட இடிபாடுகளை அள்ளி, நிலமட்டத்தைத் தாழ்த்தி, நீர் புகும் வழிகளை வெட்டி, வேலிகாத்தானை வேரோடு களைந்த பின்னரே நாற்றுகள் வந்தன. 58 ஏக்கரில் நிலத்தைவிட நீருக்கே கூடுதல் இடம் ஒதுக்கப்பட்டது. நன்னீர்க் குளங்கள் மேட்டிலும், உப்பும் நன்னீரும் கலக்கும் பகுதி நடுவிலும், ஓதம் நேரடியாக எட்டும் சேற்றுநிலம் தாழ்விலும் அமைய, ஒவ்வொன்றின் விளிம்பிலும் அதற்குரிய செடிகள் நடப்பட்டன: குளக்கரையில் நீர்மருதும் நீர்க்கடம்பும் சம்பும் கோரையும், மேட்டில் உலர் பசுமைமாறாக் காட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் இனங்களும், கழியோரத்தில் தாழையும் பூவரசும் அலையாத்தி மரங்களும். தோட்டக்காரரின் கண்ணுக்கு இது ஒழுங்கற்ற புதர். வரிசையில் நடாமல், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வளருமாறு கலந்து நட்டிருப்பதே அதன் நுட்பம். நெருக்கத்தில் நிழல் விழும், நிழலில் களை குறையும், உதிர்ந்த சருகு மண்ணாகும்.

இம்மரங்களுள் சிலவற்றைப் பெயரால் மட்டும் தமிழர் அறிவர். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று சொல்லிப் பழகிய நாவுகளுக்குக் காயா மரத்தைக் காட்டினால் தெரியாது. காசான் என்றும் வழங்கும் அந்தச் சிறுமரத்தின் கிளைக்கணுக்களில் நீலமும் ஊதாவும் கலந்த மிகச்சிறு பூக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு, கிளைக்கே நிறம் பூசியதுபோல் பூத்திருப்பதைக் கண்டால்தான் அந்த உவமை ஏன் பிறந்தது என்பது புரியும். உலக்கைப் பாலை என்னும் மரம் பெயரிலேயே தன் பயனைச் சொல்கிறது. இரும்பொத்த அதன் வைரத்தைத் தேடி வெட்டியதே அது அருகியதற்கும் காரணம். புன்னை மயிலாப்பூர்க்காரர்களுக்கு அறிமுகமானது, கபாலீசுவரர் கோயிலின் தலமரம் அதுவே. ஆனால் உப்புக்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு கழிக்கரையில் நிற்கும்போதுதான் அது தன் சொந்த ஊரில் இருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரின் சாலையோர மரங்களைச் சாய்த்தபோது, விரைந்து வளரும் வெளிநாட்டு மரங்களே பேரளவில் விழுந்தன என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

உப்பைத் துப்பும் இலை

அலையாத்தி என்பது ஒரே மரத்தின் பெயரன்று. உப்புச்சேற்றில் வாழக் கற்ற பலவகை மரங்களின் பொதுப்பெயர். அலையின் வேகத்தை ஆற்றுவது என்பது பெயரின் பொருள். அவற்றுள் வெண்கண்டல் அல்லது உப்பட்டி எனப்படும் மரத்தின் இலையை நன்கு வெயில் ஏறிய பின் விரலால் தடவினால் சொரசொரப்பாக ஏதோ ஒட்டும். நாவில் வைத்தால் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ள, நீர் ஆவியாகி, உப்பு மட்டும் பரலாக நிற்பதன் விளைவு அது. மரத்தடியில் சேற்றைப் பிளந்துகொண்டு நூற்றுக்கணக்கில் நிமிர்ந்து நிற்கும் பென்சில் கனமுள்ள குச்சிகள் நட்டுவைத்தவை போலத் தோன்றும், அவை மூச்சுவேர்கள். நீர் தேங்கிய சேற்றில் உயிர்வளி இல்லாததால், ஓதம் வடிந்த வேளையில் இந்தக் குச்சிகளின் நுண்துளைகள் வழியே மரம் மூச்சு வாங்குகிறது. ஓதம் வராமலும் வடியாமலும் நீர் ஒரே மட்டத்தில் நாட்கணக்கில் நின்றால் மூச்சுவேர் மூழ்கியே கிடக்கும், மரம் பட்டுப்போகும். முகத்துவாரத்து மணல்திட்டுக்கும் பூங்காவுக்குள் நிற்கும் மரத்துக்கும் உள்ள உறவு இவ்வளவு நேரடியானது. சுரபுன்னை வேறு வழியைக் கையாள்கிறது: கிளையிலேயே விதை முளைத்து, முருங்கைக்காய் போல் நீண்டு தொங்கி, விழும்போது சேற்றில் குத்திட்டு நின்று வேரூன்றிவிடுகிறது. தில்லை இன்னொன்று, சிதம்பரத்துக்குப் பெயர் தந்த மரம், அவ்வூருக்குள் காணக் கிடைக்காமல் பிச்சாவரத்துச் சேற்றில் நிற்பது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்பதால் கிளையை ஒடிக்கும் ஆசை எவருக்கும் வரலாகாது.

ஓதம் வடிந்த சேற்றுப்பரப்பு, தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் சேறு. குனிந்து பார்த்தால் கடுகளவும் மிளகளவுமான மண் உருண்டைகள் வட்டம் வட்டமாகச் சிதறிக் கிடப்பது தெரியும். சிறு நண்டுகள் சேற்றை வாயில் வாங்கி, அதிலுள்ள இரையை மட்டும் சலித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உருட்டி வெளியே வைத்ததன் தடம் அது. நிழல் விழுந்தவுடன் அத்தனையும் வளைக்குள் மறைந்துவிடும். இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாக வெளிவரும்.

பெயரும் பொருத்தமும்

பூங்காவுக்கு வைக்கப்பட்ட பெயர், திறந்துவைத்த முதலமைச்சர் 2003-இல் எழுதி வெளியிட்ட தொல்காப்பியப் பூங்கா என்னும் நூலின் பெயரே. அரசியல் மாறும்போது பெயர்ப்பலகைகளும் மாறும் நாட்டில் இதனைப் புகழ்ச்சி என்றோ தற்பெருமை என்றோ அவரவர் சார்புக்கேற்பக் கொள்ளலாம். ஆனால் பெயர் வைத்தவர்கள் எண்ணியதைவிட அது இவ்விடத்துக்குக் கூடுதலாகவே பொருந்துகிறது. தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் நிலத்தைத் திணைகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்று ஒருங்கே கட்டுகிறது. ஓரிடத்தின் மரத்தை அதன் பறவையிலிருந்தும் பறவையை அதன் மக்களின் தொழிலிலிருந்தும் பிரித்துப் பார்க்க மறுக்கும் பார்வை அது. கடலும் கழியும் சார்ந்த நெய்தலுக்கு எற்பாடு, அதாவது பகல் சாயும் வேளை, சிறுபொழுது; புன்னையும் தாழையும் அதன் மரங்கள், மீனும் உப்பும் அதன் உணவு.

தொல்காப்பியத்தின் மரபியல் என்னும் இயல் இன்னும் சுவையானது. உள்ளே வைரம் பாய்ந்திருப்பது மரம், வெளிப்புறம் வைரமாகவும் உள்ளே சோறாகவும் இருப்பது புல் என்பது அதன் இலக்கணம். அதன்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லே. இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லினத்துக்கு நெருங்கிய ஒருவித்திலைப் பிரிவிலேயே வைக்கிறது என்பதைக் காட்டிப் பள்ளிப் பிள்ளைகளை வியக்கச் செய்ய, கழியோரத்துப் பனையைவிட நல்ல கரும்பலகை இல்லை. உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஒன்று முதல் ஆறு வரை அடுக்கும் பகுதியும் அதே இயலில் வருகிறது: புல்லும் மரமும் ஓரறிவு, நத்தை முதலியன ஈரறிவு, எறும்பும் கரையானும் மூவறிவு, நண்டும் வண்டும் நாலறிவு, விலங்குகள் ஐந்தறிவு. இந்தப் படிகள் அனைத்தையும் அரைமணி நேர நடையில் இங்கே காணலாம். கழியில் இடிபாட்டைக் கொட்டியவர்கள் ஆறறிவினர் என்பதைத் தனியே குறிக்க வேண்டியதில்லை.

ஈரறிவு உயிரான நத்தையையே நம்பி வாழும் பறவை ஒன்று இங்கே அடிக்கடி காணக் கிடைக்கிறது: நத்தைக்குத்தி நாரை. மூடினாலும் நடுவே வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி விட்டு அமைந்த அலகு அதற்கு. குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருப்பதில்லை, வளர வளரவே அது தோன்றுகிறது. நீருக்கு அடியில் நத்தையைப் பிடித்து, கீழலகின் கூர்நுனியை ஓட்டின் வாய்க்குள் செலுத்தி, தசையை அறுத்து உடலை உருவி எடுத்த பின், ஓட்டைப் பெரும்பாலும் உடையாமலே போட்டுவிடுகிறது. கரையில் கிடக்கும் வெற்று ஓடுகளே அது உண்டு முடித்த பந்தியின் இலைகள். நீர்க்காகம், முக்குளிப்பான், வக்கா, புள்ளிமூக்கு வாத்து, வெண்மார்பு மீன்கொத்தி என்று பறவைகளின் பட்டியல் நீளும். அதனை நீட்டுவதில் பறவை நோக்குவோருக்கு உள்ள ஆர்வத்தை இங்கே பின்பற்ற வேண்டியதில்லை.

பூட்டிய வாயில்

பூங்கா இவ்வளவு குறைவாக அறியப்பட்டதற்கு முதன்மைக் காரணம் அதன் வாயில். திறக்கப்பட்ட காலம் முதல் நெடுநாள் அது வாரத்தின் சில நாட்களில், முன்பதிவு செய்துவரும் பள்ளி மாணவர் குழுக்களுக்கும் வழிகாட்டியுடன் செல்லும் சிறு குழுக்களுக்கும் மட்டுமே திறந்திருந்தது. பொதுப்பணத்தில் உருவான இடம் பொதுமக்களுக்கு மூடியிருக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. மனிதக் கூட்டம் நுழைந்தால் கூடுகட்டும் பறவை அகலும், நெகிழிப் பொட்டலங்கள் கழியில் மிதக்கும் என்ற விடையும் நியாயமானதே. இவ்விரண்டுக்கும் நடுவே, அனைவரும் அறிந்த, எளிதில் கிடைக்கும், ஆனால் எண்ணிக்கை வரையறுத்த அனுமதி என்பதே தகுந்த வழி. அண்மை ஆண்டுகளில் பல கோடி ரூபாய்ச் செலவில் நடந்துள்ள சீரமைப்பு, நுழைவாயிலையும் நடைபாதைகளையும் பார்வையாளர் வசதிகளையும் மேம்படுத்தியிருப்பது இத்திசையில் ஓர் அடி. எனினும் வசதி பெருகப் பெருகக் கழி சுருங்கிப் பூங்கா பெருகும் ஆபத்தும் கூடவே நிற்கிறது. இருக்கையும் சிற்பமும் கூடும் ஒவ்வொரு முறையும், பாலத்தின் கண் எத்தனை அங்குலம் அகன்றது என்று கேட்பதே சரியான அளவுகோல்.

இந்தக் கணக்கில் அடிக்கடி விடுபட்டுப் போகிறவர்கள் மீனவர்கள். தென்கரையில் ஊரூர்க் குப்பம், வடகரையில் சீனிவாசபுரம் ஆகியவற்றின் குடும்பங்கள் முகத்துவாரத்தின் போக்கை எந்தப் பொறியியல் அறிக்கையையும்விட நெருக்கமாக அறிந்தவை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்குப்பங்களையும் தாக்கியது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி நீர் திறந்துவிடப்பட்டு, வழியெங்கும் சேர்ந்த மழைநீருடன் அடையாறு கரைபுரண்டபோது, அவ்வெள்ளம் கடலைச் சேர்ந்ததும் இம்முகத்துவாரம் வழியாகவே. அன்று முகத்துவாரத்தில் நீர் பரவி நிற்பதற்கு மீந்திருந்த சேற்றுவெளியின் மதிப்பை எந்த மனைவணிக விலையிலும் எழுத இயலாது. கழியை மீட்பது மரத்துக்காகவும் பறவைக்காகவும் மட்டும் என்று பேசுவது, அதனால் முதலில் பயன்பெறும் மனிதர்களை மறந்து பேசுவதாகும். முகத்துவாரத்தை எப்போது, எந்தப் பக்கம் திறப்பது என்னும் முடிவில் குப்பத்துப் பெரியவர்களுக்கும் ஓர் இருக்கை அளிப்பது கடினமான சீர்திருத்தம் அன்று.

செல்ல விரும்புவோர் அனுமதி நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, ஓதம் வடியும் வேளையைத் தேர்ந்து, இருநோக்கி ஒன்றும் தண்ணீர்க் குப்பி ஒன்றும் எடுத்துச் சென்றால் போதும். உணவுப் பொட்டலம் வேண்டாம். செல்ல இயலாதவர்களும் ஒன்று செய்யலாம். சாந்தோம் தரைப்பாலத்தைக் கடக்கும்போது ஒரு கணம் கழியைப் பார்க்கலாம்: நீர் நகர்ந்துகொண்டிருந்தால் முகத்துவாரம் திறந்திருக்கிறது, கறுத்து, நாறி, அசையாமல் கிடந்தால் அடைபட்டிருக்கிறது. அடைபட்டிருந்தால் அதனை நீர்வளத் துறைக்கு ஒரு வரி எழுதித் தெரிவிக்கலாம்.